பதினொரு பச்சைக் கையெழுத்து

நான்கு மை பாட்டில்களையும் திறந்து வைத்துவிட்டு, ஜெராக்ஸ் கடை முத்தப்பன் புதுத் தாள்கட்டிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை உருவிக் கண்ணாடி மேஜைமேல் போட்டார்.

"எழுதிப் பாத்து எடுங்க டீச்சர். பாட்டிலோட பாத்தா எல்லாப் பச்சையும் கருப்பாத்தான் தெரியும்."

நாகவல்லி பேனாவின் மூடியைத் திருகினாள். பன்னிரண்டு வருடம் பீரோவில் கிடந்ததில் மூடி இறுகிப்போயிருந்தது. பதவி உயர்வுப் பட்டியலில் அவள் பெயர் முதன்முதலாக வந்த வருடம், யாரிடமும் சொல்லாமல் அவளே வாங்கிய மைப்பேனா. பேனாவைத்தான் வாங்கினாள். பச்சை மை வாங்கும் அளவுக்குக் காரியம் போகவில்லை.

அரசாங்கத்தில் பச்சை மை எல்லோருக்கும் உரியதல்ல. ஒரு கோடு இருக்கிறது. அதற்கு மேலே இருக்கும் அதிகாரிகள் பச்சையில் கையெழுத்துப் போடலாம். நகல் சான்றிதழ்களை உண்மை என்று ஒப்பமிட்டுக் கொடுக்கலாம். உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் அந்தக் கோட்டுக்கு மேலே. அறிவியல் ஆசிரியை கீழே. நாகவல்லி முப்பது வருடமாகக் கீழே இருந்துகொண்டு, வருகைப் பதிவேட்டில் நீலத்திலும் விடைத்தாளில் சிவப்பிலும் எழுதி வருகிறாள்.

இன்று சனிக்கிழமை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் சாக்கோட்டைக்கு அப்பால் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் அவள் தலைமையாசிரியராகப் பொறுப்பேற்க வேண்டும். இல்லையென்றால் இந்தப் பதவி உயர்வு எனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுக்க வேண்டியதை நேற்றே எழுதி, மடித்து, கைப்பையில் வைத்திருந்தாள். பையின் ஒரு அறையில் ஆணை, இன்னொரு அறையில் அந்தக் கடிதம். இரண்டையும் தோளில் மாட்டிக்கொண்டு மை வாங்க வந்திருக்கிறாள். இது என்ன புத்தி என்று அவளுக்கே விளங்கவில்லை. மை வாங்கிவிட்டால் முடிவு தானாக ஏற்பட்டுவிடும் என்று ஏதோ ஒரு எண்ணம். காலையிலிருந்து கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. இட்லியை நின்றுகொண்டே தின்றாள். கொடியில் காய்ந்த துணியை எடுத்து மடித்து, மறுபடி உதறி மடித்தாள்.

வேண்டாம் என்று எழுதுவது அவளுக்குப் புதிதில்லை. முதல் தடவை மகள் தேவிகாவுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு. இரண்டாம் தடவை மாமியார் படுக்கையில். இரண்டும் உண்மையான காரணங்கள். ஆனால் இரண்டு தடவையும் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து பஸ்ஸில் உட்கார்ந்தபோது, இறுக்கிக் கட்டியிருந்த எதையோ யாரோ அவிழ்த்துவிட்டதுபோல நெஞ்சில் ஒரு இலகு பரவியது. அந்த இலகுவுக்கும் மகளுக்கும் மாமியாருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அது அவளுக்கு மட்டும் தெரியும்.

இந்தத் தடவை காரணம் அகப்படவில்லை. மாமியார் காலமாகி ஆறு வருடம். தேவிகா கல்யாணமாகிக் கோயம்புத்தூரில். முழங்கால் வலி என்று எழுதியிருந்தாள். முழங்கால் வலிப்பது நிஜந்தான், மாடிப்படி ஏறும்போது. அந்தப் பள்ளிக்கூடத்தில் மாடி கிடையாது.

நிப்பை முதல் பாட்டிலில் தோய்த்து ஒரு கோடு இழுத்தாள். இலைப்பச்சை. தண்ணீர் கலந்தமாதிரி நோஞ்சானாக இருந்தது. முத்தப்பன் கொடுத்த பனியன் துணியில் நிப்பைத் துடைத்துவிட்டு இரண்டாவதில் தோய்த்தாள். கிளிப்பச்சை. திருவிழாப் பந்தலில் ஒட்டும் காகிதம்போல அது பளீரென்று கத்தியது. மூன்றாவது, வெயில் காலத்து ஊரணிப் பாசி, மஞ்சள் தட்டியது. நான்காவதைத் தொட்டு இழுத்தபோது கை நின்றது. கறுப்பென்று நினைக்க வைத்து, காயக் காய ஓரத்தில் மட்டும் பச்சையைக் காட்டியது அது. பச்சை என்று தன்னைச் சொல்லிக்கொள்ளக் கூசும் பச்சை.

"கோடு கிழிச்சா என்ன தெரியும்?" என்றார் முத்தப்பன். "நகை எடுக்கிறவுக கழுத்துல வச்சுப் பாக்க மாட்டாகளா? கையெழுத்தைப் போடுங்க."

"அது வேண்டாம் அண்ணே."

"ஏன், கையெழுத்துக்குக் காசா கேக்கப் போறேன்?"

அவள் சிரித்துவிட்டாள். முதல் பச்சையில் இரண்டு, கிளிப்பச்சையில் இரண்டு, பாசிப்பச்சையில் இரண்டு. நான்காவதுக்கு வந்தபோது, இத்தனை நாள் பூட்டி வைத்திருந்த கை தன்பாட்டில் ஓட ஆரம்பித்தது. கையெழுத்தின் கீழே 'தலைமையாசிரியர்' என்று எழுதியது. அதற்குக் கீழே பள்ளியின் பெயரையும் எழுதியது. ஒரு தடவை போதவில்லை. நான்காவது பச்சையில் மட்டும் ஐந்து கையெழுத்து. நிமிர்ந்தபோது காது சூடாக இருந்தது. மை காய்ந்ததும் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று தாளைக் குப்புறத் திருப்பி வைத்தாள்.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது.

"வணக்கம் மேடம். அருண்பாண்டியன் பேசுறேன். நீங்க வரப்போற ஸ்கூல்ல கணக்கு வாத்தியார். பதினாலு மாசமா எச்.எம். பொறுப்பும் என் தலையிலதான் கெடக்கு. திங்கக்கிழமை எத்தனை மணிக்கு வாரீக?"

"சார்... பாக்கலாம் சார்."

அருண்பாண்டியன் அவசரமாகக் குறுக்கிட்டார்.

"மேடம், அப்படிச் சொல்லிடாதீக. போன வருசம் ஒருத்தவுக பாக்கலாம்னாக. அவுக மூஞ்சியை நாங்க பாக்கவே இல்லை. ஒன்பதரைக்குப் பிரேயர். பெருசா ஒண்ணும் பிரச்சினை இல்லை இங்க. பாத்ரூம் கதவு, காம்பவுண்டுச் சுவரு, ரெண்டு பெட்டிசன், அம்புட்டுத்தான்."

"சரிங்க சார்" என்று சொல்லிப் போனை வைத்தவளுக்குக் கடைக்குள் நிற்க முடியவில்லை. பாத்ரூம் கதவு, சுவர், பெட்டிசன். எல்லாவற்றுக்கும் கீழே ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் அந்தக் கதவு அவளுடைய கதவு, அந்தச் சுவர் அவளுடைய சுவர்.

"அப்புறம் வாரேன் அண்ணே" என்று பேனாவை மட்டும் எடுத்துக்கொண்டு படி இறங்கினாள்.

"மை?"

அவள் திரும்பவில்லை.

கணவர் காசிவிஸ்வநாதனின் நகைப் பட்டறை கல்லுக்கட்டிக் கடைத்தெருவில் ஒரு சந்துக்குள் இருந்தது. அவர் தலையைக் குனிந்து ஒரு தோட்டுக்குக் கல் பதித்துக்கொண்டிருந்தார். மனைவியின் செருப்புச் சத்தத்திலேயே ஆளைத் தெரிந்துகொள்கிறவர்.

"வாங்கியாச்சா?"

"இல்லை. நாலு பச்சை இருக்கு. எதுன்னு முடிவாகலை."

"நாலுல ஒண்ணு எடுக்க ஒரு மணி நேரமா? எங்கிட்ட மூக்குத்திக்குக் கல்லு பாக்க வாரவுக தேவலை போலருக்கே."

"போட்டுப் பாத்தேன். ஒவ்வொண்ணுலயும் கையெழுத்துப் போட்டு. பதினொண்ணு போட்டுட்டேன்."

"நல்லா வந்துச்சா?"

"வந்துச்சு. கீழே தலைமையாசிரியர்னும் எழுதினேன்" என்றாள். சொல்லும்போது சிரிப்பு வந்தது. சின்னப் பெண் கண்ணாடிக்கு முன்னால் அம்மாவின் சேலையைச் சுற்றிக்கொண்டதைச் சொல்வது மாதிரி இருந்தது.

"எங்க, காட்டு."

நாகவல்லி பையைத் திறந்தாள். ஆணை இருந்தது. கடிதம் இருந்தது. வேறு தாள் இல்லை.

"கடையிலயே வச்சிட்டு வந்துட்டேன்."

காசிவிஸ்வநாதன் இடுக்கியைக் கீழே வைத்தார். அவர் இடுக்கியைக் கீழே வைப்பது அபூர்வம்.

"வெறும் தாள்லயா?"

"ஆமா."

"மேல ஒண்ணும் எழுதலை. கீழ கையெழுத்தும் பதவியும் மட்டும் இருக்கு."

"ஆமாங்க."

"நகை உருப்படியே செய்யாம, வெறுந்தகட்டுல 916 முத்திரையைக் குத்தித் தெருவுல வச்சிட்டு வந்திருக்க வல்லி. எவன் வேணும்னாலும் அதுல எதை வேணும்னாலும் பத்தவச்சு ஒட்டிக்குவான்."

 முத்தப்பன் கடை தாலுகா ஆபீஸ் போகிற வழி. நாள் முழுக்க விண்ணப்பம், நகல், சான்றிதழ் என்று ஆட்கள் வந்துபோகிற இடம். ஒரு கையெழுத்தை வெட்டி எடுக்க ஒரு கத்தரிக்கோல் போதும்.

"ஆனா நான் இன்னும் பொறுப்பேத்துக்கலையே. அது செல்லாதுல்ல?"

"ஏத்துக்கலைன்னாச் செல்லாது. ஏத்துக்கிட்டாச் செல்லும்ல?"

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அதைக் கேட்டதும் அந்தப் பழைய இலகு நெஞ்சின் ஓரத்தில் மெல்லத் தலைகாட்டியது. ஏற்காவிட்டால் அந்தத் தாள் வெறும் குப்பை. யாரும் அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. முழங்காலைவிட உருப்படியான காரணம் ஒன்று தானாக வந்து மடியில் விழுந்துவிட்டது. என் கையெழுத்து வெளியே போய்விட்டது, ஆகவே நான் அந்தப் பதவிக்குப் போவது முறையல்ல. எவ்வளவு நேர்மையான காரணம். கேட்கிறவர்கள் மெச்சுவார்கள்.

தன் மனம் இத்தனை சுருக்காக அங்கே போய் உட்கார்ந்துகொண்டதைப் பார்த்து அவளுக்குக் கூசியது. பூனை வளர்ப்பவர்களுக்குத் தெரியும், எந்தக் கதவைத் திறந்தாலும் அது முதலில் தன் பழைய இடத்துக்குத்தான் ஓடும். கணவர் முகத்தைப் பார்க்காமல் எழுந்தாள்.

"எங்க?"

"தாளை வாங்கிட்டு வாரேன்."

"ஆட்டோ பிடிச்சுக்க."

அவள் நடந்தே போனாள். ஆட்டோவில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க அவளால் முடியாது.

கடையில் பாட்டில்கள் மூடி வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. மேஜைமேல் தாள் இல்லை.

"தாளா?" முத்தப்பன் மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தார். "குப்பையில நான் போடலையே. ஏ மஹாலட்சுமி, டீச்சர் எழுதிப் பாத்த தாளை எடுத்தியா?"

ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் எட்டிப்பார்த்தாள். இருபத்தைந்து வயது இருக்கும்.

"எழுதின தாள் எதுவும் இல்லையே. வெள்ளைத்தாள் ஒண்ணு மேஜையில கிடந்துச்சு. கட்டுலருந்து நழுவி விழுந்ததுன்னு எடுத்து மெஷின்ல வச்சேன்."

"திருப்பிப் பாத்தியாம்மா?" என்றாள் நாகவல்லி.

மஹாலட்சுமி மெஷினின் அடித்தட்டை இழுத்தாள். தாள்களை விசிறிபோல விரித்துப் பார்த்தாள். எல்லாம் இரண்டு பக்கமும் வெள்ளை.

"அதுக்கப்புறம் யாருக்கு எடுத்தே?"

"ஒரே ஒரு அம்மாதான். மகளோட டி.சி.யில ரெண்டு காப்பி. கருப்புச் சேலை, மஞ்சப்பை. சாக்கோட்டை டவுன் பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கையிலருந்து புடுங்காத குறையா வாங்கிட்டுப் போனாக."

"எவ்வளவு நேரமிருக்கும்?"

"கால் மணி நேரம். பொம்பளையாளுகளுக்கு ஓசி பஸ்ஸு டீச்சர், அது எப்ப வருமோ. இன்னும் பஸ் ஸ்டாண்டுலதான் நிப்பாக."

வழியில் அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. கோபம்கூட ஒழுங்காக வரவில்லை. துண்டு துண்டாக வந்தது. ஏன் திருப்பி வைத்தாய்? வெட்கம். எதற்கு வெட்கம்? ஆசைப்பட்டதற்கு. ஆசைப்பட்டால் எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே? அதற்குப் பயம். முப்பது வருடம் நான்கு தலைமையாசிரியர்களின் கீழே வேலை பார்த்தாள். ஒவ்வொருவரையும் பற்றிச் சாப்பாட்டு மணியில் சொல்ல அவளிடம் ஏதாவது இருந்தது. 'என்னை விட்டால் இப்படியா நடத்துவேன்?' என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள். சொல்லச் சுகமான வாக்கியம். யாரும் அவளை விட்டுவிடாதவரைக்கும் சுகம்.

பழைய பஸ் ஸ்டாண்டில் சிமெண்டுப் பெஞ்சின் ஓரத்தில் அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தைந்து, ஐம்பது வயதிருக்கும். மடியில் மஞ்சப்பை. கையில் ஒரு தாளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாளின் வழியாகப் பச்சை தெரிந்தது.

நாகவல்லிக்கு மூச்சு வாங்கியது. "ஏம்மா, இப்ப முத்தப்பன் கடையிலதானே ஜெராக்ஸ் எடுத்தீக?"

அந்த அம்மாள் தாளைச் சட்டென்று பைக்குள் வைத்தாள். "எடுத்தேன். காசு குடுத்துட்டேனே."

"காசுக்கு இல்லைம்மா. நீங்க வச்சிருக்கிற தாள்ல பின்பக்கம் கையெழுத்து இருக்கில்ல? அது என் கையெழுத்து. தவறுதலா வந்துருச்சு."

"உங்க கையெழுத்தா?" அந்த அம்மாள் எழுந்தே நின்றுவிட்டாள். "நீங்கதான் அந்த அதிகாரியா? நல்லா இருப்பீக தாயி. அந்தக் கடைக்காரப் புள்ளதான் இரக்கப்பட்டு யார்ட்டயோ வாங்கி வச்சிருக்குன்னு நெனச்சேன். ரெண்டு நாளா அலையுறேன், ஒரு பச்சைக் கையெழுத்துக்கு. ஒரு ஆபீஸர் லீவு. ஒருத்தரு மீட்டிங். இன்னொருத்தரு உன்னைய எனக்குத் தெரியாதே, நான் எப்புடிப் போடுறதுன்னாரு. என்னையத் தெரிஞ்சவுக எல்லாம் கூலி வேலைக்காட்டுல நிக்கிறாக, அவுகளுக்கு ஏது பச்சை மை?"

"எதுக்கும்மா உங்களுக்கு?"

"எம்புள்ள தீபலட்சுமிக்கு. நர்சு படிப்புல சேத்திருக்கேன், தேவகோட்டையில. டி.சி. காப்பியில பச்சைக் கையெழுத்தோட செவ்வாக்கிழமைக்குள்ள குடுக்கணுமாம். ஒண்ணு கேட்டாக, நீங்க பதினொண்ணு போட்டிருக்கீக."

"இது செல்லாதும்மா. அந்தத் தாளைக் குடுத்துடுங்க."

"ஏன் செல்லாது?"

"நான் இன்னும் அந்த வேலையில சேரலை."

"சேரலையா? அப்ப கையெழுத்து எதுக்குப் போட்டீக?"

"மை நல்லா இருக்கான்னு பாத்தேன்."

அந்த அம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "மை போட்டுப் பாக்குறதுன்னா எங்கூர்ல வெத்தலையிலதான் பாப்பாக" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் சிரித்தார்கள். "உங்களுக்கு என்ன காணாமப் போச்சு?"

நாகவல்லிக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"என் பேரு ஒச்சம்மாள்" என்றாள் அவள், இனிமேல் பேச்சு நீளும் என்பதுபோலப் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டு. "எந்த ஊர்ல சேரப் போறீக?"

நாகவல்லி ஊர்ப் பெயரைச் சொன்னாள்.

"அட. எம்புள்ள பத்தாவது வரைக்கும் அங்கதான் படிச்சுச்சு. அதுக்குப் பெறகு பள்ளத்தூர்ல, அந்த எச்.எம்.தான் லீவு. முதல்ல நீங்க சேரப்போற பள்ளிக்கூடத்துலதானே போய் நின்னேன். கணக்கு சாரு இருக்காரே, பாவம், நாற்காலியைத் தொடைச்சுப் போட்டாரு, உக்காருங்கன்னாரு, பச்சைக் கையெழுத்துப் போட ஆள் இல்லையேம்மா, நீலத்துல வேணும்னாப் போட்டுத் தரட்டுமான்னு கேட்டாரு. எச்.எம். ரூமு பூட்டித்தான் கெடக்கு. ரெண்டு பேரு வாரேன்னு சொல்லி வரலையாம். அவுகளுக்கு என்ன கஷ்டமோ."

கடைசி வாக்கியத்தை அவள் குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் நாகவல்லியால் தாங்க முடியாததாக இருந்தது. அந்த இரண்டு பேருக்கும் என்ன கஷ்டம் என்று அவளுக்குத் தெரியும். ஒருத்திக்கு மாமனார், இன்னொருத்திக்கு முதுகுவலியாக இருக்கலாம். கடிதத்தைக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருப்பார்கள். நெஞ்சு இலகுவாகியிருக்கும். தானும் இரண்டு தடவை அப்படி ஏறியிருக்கிறாள். அப்போது எந்த ஊரில் எந்த அறை பூட்டிக் கிடந்தது, எந்த ஒச்சம்மாள் திரும்பிப் போனாள் என்று அவள் ஒரு நாளும் யோசித்ததில்லை. வேண்டாம் என்பது தன்னோடு முடிகிற சமாச்சாரம் என்றே நினைத்திருந்தாள்.

"திங்கக்கிழமை நான் அங்கே வந்து சேர்ந்த பிறகு போட்டுத் தாரேன்" என்றாள். "ஒரிஜினலையும் கொண்டாங்க, பாத்துட்டுத்தான் போடுவேன். இப்ப இதைக் குடுத்துடுங்க. இதை எந்த ஆபீஸ்ல காட்டினாலும் உங்களுக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம்."

ஒச்சம்மாள் பையின் வாயை இறுகப் பிடித்தாள்.

"நீங்க வருவீகங்கிறதுக்கு என்ன நிச்சயம்?"

நாகவல்லியின் கை தானாகக் கைப்பையின்மேல் போயிற்று. கடிதம் இருந்த அறையின்மேல்.

"பையைத் தடவாதீக. எனக்குக் காசு வேணாம்."

"காசு எடுக்கலைம்மா."

"அப்ப வருவீகளா, மாட்டீகளா? வாயால சொல்லுங்க. உங்களுக்கே தெரியலையா?"

பக்கத்துப் பெண்கள் சிரிப்பை நிறுத்திவிட்டு இவர்களையே பார்த்தார்கள். கூட்டத்தில் யாரோ பாட்டு வைத்திருந்த போனை அணைத்தார்கள், அல்லது அவளுக்கு அப்படித் தோன்றியது. முப்பது வருடத்தில் மேலதிகாரிகள் அவளிடம் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். ஒருவர்கூட இப்படி, ஆம் இல்லை என்று இரண்டே பதில் உள்ள கேள்வியைக் கேட்டதில்லை. ஆணை வந்தபோது கணவர்கூட 'உன் இஷ்டம்' என்றார். 'உன் இஷ்டம்' எவ்வளவு பெரிய சந்து. எத்தனை பேர் வேண்டுமானாலும் ஒளிந்துகொள்ளலாம்.

"வருவேன்" என்றாள். குரல் அவளுக்கே பழக்கமில்லாததாக இருந்தது.

ஒச்சம்மாளுக்கு அது போதவில்லை. அவள் கண் நாகவல்லியின் வலது கையில் நின்றது. கடையிலிருந்து எடுத்தபடி, பைக்குள் போடக்கூட மறந்து, இவ்வளவு தூரமும் கையிலேயே பிடித்து வந்த பேனா.

"இதாலதான் போட்டீகளா?"

"ஆமா."

"இதாலதான் திங்கக்கிழமையும் போடுவீகளா?"

"ஆமா."

"அப்பக் குடுங்க. எங்கிட்ட இருக்கட்டும். நான் தாளைத் தாரேன், நீங்க பேனாவைத் தாங்க. திங்கக்கிழமை நீங்க உங்க நாற்காலியில உக்காந்ததும் கொண்டாந்து கையில தாரேன். வரலைன்னா எம்புள்ளைக்கு நல்ல பேனா கெடச்சிச்சுன்னு நெனச்சுக்கிறேன்."

"இது மைப்பேனா. பையில போட்டா உடைஞ்சிரும்."

"எம்புள்ளையவே உடையாம வளத்திருக்கேன்."

நாகவல்லி மூடியை இன்னொரு தடவை இறுக்கித் திருகி, பேனாவை நீட்டினாள். அது கையை விட்டுப் போனபோது, அடகு வைக்கப்பட்டது பேனா இல்லை என்பது அவளுக்குப் புரிந்தது. ஒச்சம்மாள் அதை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு தாளை எடுத்தாள். கொடுக்குமுன் பின்பக்கத்தைத் திருப்பி ஒரு தடவை ஆசையாகப் பார்த்தாள்.

"இதெல்லாம் பச்சை. கடைசியில ஏன் கருப்புல அஞ்சு போட்டீக?"

"அதுவும் பச்சைதான்மா. நல்ல பச்சை. ஓரத்துல பாருங்க, தெரியும்."

ஒச்சம்மாள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். தூரத்தில் பிடித்தாள், கிட்டத்தில் பிடித்தாள்.

"எனக்குக் கருப்புதான். காலேசு ஆபீஸ்ல ஒரு புள்ள இருக்கு, அதுக்கும் கருப்பாத்தான் இருக்கும். ஓரத்தை எல்லாம் அது பாக்காது. இது பச்சை இல்லைன்னு ஒத்தை வார்த்தையில திருப்பி அனுப்பிரும். மறுபடி ஒரு நாள் கூலி போச்சு எனக்கு." கிளிப்பச்சைக் கையெழுத்தின்மேல் விரலை வைத்தாள். "இந்தா, இது. குருடனுக்கும் தெரியும். இதுல போடுங்க."

சாக்கோட்டை பஸ் வந்தது. பெஞ்சு முழுவதும் எழுந்து ஓடியது. ஒச்சம்மாள் முழங்கையால் வழிசெய்துகொண்டு ஏறி, ஜன்னலோரத்தில் இடம் பிடித்து, வெளியே தலையை நீட்டினாள். "ஒன்பதரைக்கு வந்து நிப்பேன். கூலிக்குப் போகாம வாரேன், பாத்துக்கங்க."

பஸ் திரும்பி மறைந்த பிறகு நாகவல்லி தாளை நான்காகக் கிழித்தாள், எட்டாகக் கிழித்தாள். ஒரு பக்கம் தீபலட்சுமியின் பெயரும் பிறந்த தேதியும், மறுபக்கம் அவளுடைய பெயரும் இன்னும் ஏற்காத பதவியும் துண்டு துண்டாயின. குப்பைத்தொட்டியில் போட மனமில்லாமல் துண்டுகளைக் கைக்குள்ளேயே பொத்திக்கொண்டாள். நெஞ்சு இலகுவாகவில்லை. தேர்வு அறைக்குள் நுழையும் பிள்ளைக்கு வருமே, உள்ளங்கை வேர்த்து, எல்லாம் மறந்துவிட்டதுபோல ஒரு படபடப்பு, அதுதான் இருந்தது. அந்தப் படபடப்போடேயே நேரக் கண்காணிப்பாளர் அறைக்குப் போய்க் கேட்டாள்.

"திங்கக்கிழமை காலையில ஒன்பது மணிக்கு முன்னால அங்குட்டுப் போய்ச் சேர எந்த பஸ்?"

"எட்டு பத்துக்கு ஒண்ணு இருக்கு. சில நாள் வராது."

"வராட்டி?"

"வராட்டி ஏழு நாப்பதுலயே போயிருக்கணும்."

கடையில் முத்தப்பன் அவளைக் கண்டதும் எழுந்தார். "தாள் கெடச்சிருச்சா?" அவள் தலையாட்டினாள். அவர் நிம்மதியாகி, நான்காவது பாட்டிலை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். "உங்களுக்குப் பிடிச்சது இதுதானே, அஞ்சு தடவை போட்டீகளே."

நாகவல்லி அதைப் பார்த்தாள். இப்போதும் அழகாகத்தான் இருந்தது. யாருக்கும் தெரியாமல் பச்சையாக இருந்துகொள்ளலாம். அவளுக்கென்றே காய்ச்சியதுபோல ஒரு மை.

"இல்லை அண்ணே. அந்த ரெண்டாவது."

"கிளிப்பச்சையா? அது புள்ளைக படம் வரையறதுக்கு வாங்கிட்டுப் போறது டீச்சர். ஒரு எச்.எம். அதுலயா கையெழுத்துப் போடுவாக?"

"போடட்டும்."

முத்தப்பன் தோளைக் குலுக்கிவிட்டுப் பாட்டிலைக் காகிதத்தில் சுற்றப்போனார். பிறகு ஏதோ நினைத்தவராக மூடியைத் திருகித் திறந்து கையை நீட்டினார்.

"பேனாவைக் குடுங்க, நிரப்பித் தாரேன்."

"பேனா முன்னால போயிருச்சு அண்ணே" என்றாள் நாகவல்லி.